அழகுத்தாய் ஆறவைத்த பால்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் பால் வாங்குகிற வேலை எனக்கு. பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவேன். கோட்டைத் தாண்டி முங்கினால் தண்ணீர் கலந்த பால். அப்புறம் எவர் பேச்சும் என் காதில் ஏறாது. இந்தச் சடகோபன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா என்று கேட்டுத் திரிந்தவன். அவ்வளவு திமிர்.

1986இல் அழகுத்தாய் புதிதாகப் பால் ஊற்ற வந்தார். கடைக்குப் பின்சந்தில் வீடு. ஒற்றை எருமை, அவரும் கண் தெரியாத மாமியாரும் அதை நம்பித்தான். முதல் நாள் பால் சரியாக இருந்தது. அடுத்த மூன்று நாளும் கருவி முங்கியது. நான்காம் நாள், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"எம்புட்டு தண்ணி ஊத்துனே? நாளையிலருந்து இந்தப் பக்கம் வராதே!"

வேறொருத்தர் என்றால் ஒப்பாரியே வைத்திருப்பார். அழகுத்தாய் கேனைத் தூக்கவே இல்லை.

"மூணு நாளா இது ஒண்ணைத்தான் கேக்கிய சாமி. வேற ஏதாவது கேளுங்களேன்."

"வேற என்னத்தக் கேக்க?"

"எப்பக் கறந்தேன்னு கேளுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இப்பத்தான். தொட்டுப் பாருங்க, சூடு ஆறல. மொத நாளு மழை. கறந்து வச்சுட்டு நேரங்கழிச்சுக் கொண்டாந்தேன். அன்னைக்கு நல்ல பால்னிய. அதே எருமை, அதே பருத்திக்கொட்டைதான். செத்த நேரம் ஆறட்டும், பொறவு போட்டுப் பாருங்க."

கேனைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். வேடிக்கை பார்த்தவர்கள் ஒருத்தரும் நகரவில்லை. ஆறியதும் கருவியை விட்டேன். கோட்டில் அப்படியே நின்றது! தூரத்திலிருந்து சைக்கிளில் வருகிற பாலெல்லாம் வழியிலேயே ஆறிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பால்தான் சூட்டோடு வருகிறது; சூடான பாலில் தண்ணீர் கலக்காமலே கருவி முங்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கருவியைக் கையில் பிடித்தவன் நான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுஷி, அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எனக்கே எடுத்துக் கொடுத்துவிட்டார். அடேயப்பா!

"தப்பு என்மேலதாம்மா" என்றேன்.

அழகுத்தாய் அப்போதும் போகவில்லை.

"எம்பேரு தப்பிச்சுது. போன வருசம் எங்க சந்து முத்துப்பேச்சிய விரட்டுனியளே சாமி, அவ எப்பக் கறந்தா?"

முத்துப்பேச்சி எருமையை விற்றுவிட்டுச் சேத்தூருக்குக் கூலிவேலைக்குப் போய்விட்டவர். அவரிடம் அதை நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கே சேத்தூர் பஸ் ஏறினேன். வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். நான் வாய் திறக்குமுன் முந்திக்கொண்டார்.

"நான் தண்ணி ஊத்தல சாமி."