கோலாலம்பூருக்குச் சிவப்பு, ஜொகூருக்கு வெள்ளை

கொரோனா அடங்கி, எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டிருந்த சமயம் அது. நானும் என் மனைவியும் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். புக்கிட் தெங்காவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அது பெரிய அதிர்ச்சி இல்லை. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை, கேமரன் மலையில் காய்கறித் தோட்டம், கிள்ளானில் லோரிக்குச் சாமான் ஏற்றுவது, சிரம்பானில் காவல் வேலை என்று சுற்றியிருக்கிறேன். சில இடங்களில் அவர்களாக அனுப்பினார்கள். பல இடங்களில் நானாகக் கிளம்பினேன். ஓர் ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டால் போதும், அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். கல்யாணம் ஆன பிறகும் அது நிற்கவில்லை. என் மனைவியும் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தாள். அரை நாளில் வீட்டையே மூட்டை கட்டிவிடுவாள், அவ்வளவு பழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் மாற்றுகிற கவலையும் இல்லை.

இந்தத் தடவை இரண்டு இடங்களில் இருந்து கூப்பிட்டார்கள். கோலாலம்பூரில் ஒரு பெரிய கிடங்கில் சாமான் பிரித்து அனுப்பும் வேலை, தங்குவதற்கு அறையும் உண்டு. ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் வரும் வேலை இன்னொன்று. சம்பளம் அங்கேதான் கூட.

கேண்டீனில் இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கு ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கோலாலம்பூர் எங்கள் வாயில் கே.எல்., ஜொகூர் பாரு ஜேபி.

“கே.எல். போனா பாதி ஆயுசு ஜாம்லயே போயிரும்லா அண்ணே” என்றான் என் மிஷினில் அடுத்த ஷிஃப்ட் பார்ப்பவன்.

“ஜேபி மட்டும் என்ன வாழுது? இருட்டோட எழுந்து மோட்டார் எடுத்துக்கிட்டுப் பாலத்துல நிக்கணும். பொண்டாட்டி முகத்தை ஞாயித்துக்கிழமைதான் பார்க்கலாம்” என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்.

“அப்ப ஜேபிதான் நல்லது!” என்று இன்னொருவர் சொல்ல, மேசையே சிரித்தது.

வீட்டிலும் இதே பேச்சுதான். என் மனைவியும் நன்றாகவே கலந்துகொண்டாள். ஜொகூரில் அவளுடைய சித்தி மகள் இருக்கிறாள், ஓர் ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்பாள். மறுநாளே, ஜொகூரில் வீட்டு வாடகை ஏறிப்போச்சாம், கோலாலம்பூர் என்றால் பத்துமலை முருகன் கோயிலுக்கு நினைத்த நேரத்தில் போகலாம் என்பாள். எனக்கும் அப்படித்தான், காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர். இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

“பேசிப் பேசி தலைதான் வலிக்குது. பூக்கட்டிப் பார்த்துருவோம்” என்றாள் கடைசியில்.

எங்கள் ஆட்கள் கல்யாணம், வீடு வாங்குவது என்று எதில் குழம்பினாலும் இப்படிச் செய்வதுதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, சம்பந்தம் இல்லாத ஒருவரை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வந்த பூ எதுவோ அதுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அக்கரையில் இருக்கும் பினாங்குத் தீவுக்குப் போனோம். ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன அம்மன் கோயில். என் மனைவிக்கு அந்த அம்மன்மேல் நம்பிக்கை அதிகம். குருக்கள் இளவயசுக்காரர்.

“எந்த ஊருக்கு எந்தப் பூ?” என்று கேட்டார்.

“கோலாலம்பூருக்குச் சிவப்பு, ஜொகூருக்கு வெள்ளை” என்றாள் என் மனைவி.

அவர் மடித்து, நூல் சுற்றி, தட்டில் வைத்துத் தீபம் காட்டினார். பிறகு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் கும்பிட்டுப் போக வந்த ஒரு பெண் விபூதி பூசிக்கொண்டு நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, இதுல ஒண்ணு எடுத்துக் குடும்மா” என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை. “என்ன விஷயம்னு சொல்லுங்கண்ணே, அப்புறம் எடுக்கிறேன்” என்றார்.

“கேட்காமதான் எடுக்கணும்” என்றார் குருக்கள் சிரித்துக்கொண்டே.

“இல்ல சாமி. ஒரு தடவை கேட்காம எடுத்துக் குடுத்தேன். கல்யாண விஷயமாம். பொட்டலத்தைப் பிரிச்சதும் பெத்தவங்க சந்தோஷமா சிரிக்கிறாங்க, அந்தப் பொண்ணு தூணைப் பிடிச்சிக்கிட்டு அழுவுது. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வேலை போகப்போவதையும் இரண்டு ஊர்களையும் சொன்னேன். கேட்டுவிட்டு, என்னை விட்டுவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எந்தப் பூ வரணும்க்கா?”

“எது வந்தாலும் சரி.”

“சும்மா சொல்லுங்க. மனசுல ஒண்ணு இருக்கும்ல?”

“எதுவா இருந்தாலும் போகத்தானே போறோம்” என்றாள் என் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் கவனித்தார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இங்கேயே இருக்கிறதுக்குப் பூ எங்கே?” என்று கேட்டார்.

“அது கிடையாதும்மா. போறதுன்னு முடிவாயிருச்சு, எங்கேன்னுதான் கேட்கிறோம்” என்றேன்.

“யார் முடிவு பண்ணது?”

அவர் குரலில் சண்டை எதுவும் இல்லை. கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல்தான் கேட்டார். திரும்பிப் பார்த்தால் என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கண் நிறைந்திருந்தது.

“கோவிச்சுக்காதீங்கண்ணே, நான் எடுக்கல” என்றார் அந்தப் பெண். என் மனைவியின் தோளை ஒரு தடவை தொட்டார். “ஆபீஸுக்கு நேரமாச்சுக்கா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு யாரையாவது கூப்பிடட்டுமா என்று குருக்கள் கேட்டார். “வேணாம் சாமி” என்றாள் என் மனைவி. அவர் இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமலே அம்மன் காலடியில் திரும்ப வைத்தார்.

வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் உட்கார்ந்தோம். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. “போக வேணாம்னா வீட்டிலேயே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“நீங்க கே.எல்.லா ஜேபியான்னுதான் கேட்டீங்க” என்றாள். “நானும் அந்த ரெண்டைத்தான் யோசிச்சேன். மூணாவதா ஒண்ணு இருக்குன்னு எனக்கே தோணல.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வீட்டுப் பக்கத்துச் சந்தையில், எங்கள் பேச்சில் பாசாரில், அவள் வடை விற்றுக்கொண்டிருந்தாள். நாங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்த புதிதில் தரையில் ஒரு துணியை விரித்து ஆரம்பித்தது. இப்போது குடை போட்டு, மேசை போட்டு, தனக்கென்று ஓர் இடம் பிடித்திருந்தாள். இது எனக்கும் தெரியும். வடை எந்த ஊரிலும் விற்கலாம் என்பதுதான் என் கணக்கு. எனக்குத் தெரியாதது வேறு ஒன்று. நான் நைட் ஷிஃப்ட் பார்த்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கடை போடவில்லையாம். இரண்டாம் நாள் காலையில், பக்கத்துக் கடையில் சோயா தௌஃபு விற்கும் சீன அக்கா புளோக் புளோக்காக விசாரித்து, எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து, கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் தூங்குகிறேன் என்று மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாராம்.

“இத்தனை ஊர்ல குடியிருந்திருக்கோம். ஒரு நாள் காணோமேன்னு என்னைத் தேடிக்கிட்டு யாராச்சும் வந்திருக்காங்களா?” என்றாள். “நீங்க போற இடத்துல உங்களுக்கு வேலையிடம் இருக்கு, பேச ஆள் இருக்கு. எனக்குப் புது ஊர்னா நாலு சுவர்தான். வாசல்ல இறங்கினா எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியவே பல மாசம் ஆகும். தெரிஞ்சதும் நீங்க கிளம்பிருவீங்க.”

இதைத் திட்டுவதுபோல் அவள் சொல்லவில்லை. மழை பெய்தது, துணி நனைந்தது என்பதுபோல் சொன்னாள். அதனால்தான் எனக்கு அது உள்ளே போய்த் தைத்தது. “சரி, இங்கேயே பார்ப்போம்” என்றேன். அவள் உடனே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு ஊருக்கும் போன் போட்டு வரவில்லை என்று சொன்ன பிறகுதான் உலை வைக்கப் போனாள்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பல மாதம் நிரந்தர வேலை இல்லை. மீன் லோரியில் பெட்டி இறக்கினேன், செபராங் ஜெயாவில் கடைகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். அந்த நாட்களில் வடைதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. இப்போது தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். சிங்கப்பூரில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. யாராவது வேறு ஊரில் நல்ல வேலை இருக்கிறது என்று சொன்னால் இன்னமும் எனக்குக் கால் பரபரக்கத்தான் செய்கிறது. அப்போது வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வேன். “நீ என்ன சொல்றே, போகணுமா, வேணாமா?” என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் மாவாட்டிக்கொண்டே “வேணாம்” என்பாள். அதோடு சரி.

அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவில்லை. நன்றி சொல்லலாம் என்று அதே மதிய நேரத்தில் சில வெள்ளிக்கிழமை போய் நின்று பார்த்தேன், அவர் வரவில்லை. அன்றைக்கு அவர் அவசரத்தில் ஏதோ ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அம்மன் உத்தரவு என்று நான் இவளை இன்னோர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இவளும் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.