வழிமொழிந்தவர்: திருமதி ஹாட்ஃபீல்ட்

பெரில் ஹாட்ஃபீல்டின் வலது கை தானாகவே மேலே போகும். அதற்கு அவளுடைய அனுமதி தேவைப்பட்டதில்லை. ஆஷ்கோம்ப் ஆரம்பப் பள்ளி வாசலில் இருபத்தேழு வருடம் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கழி முனையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை தாங்கி, பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்ட கை அது. அந்தக் கை உயர்ந்தால் லாரி நிற்கும், பேருந்து நிற்கும். ஒரு முறை சவ வண்டியே நின்றது. ஓட்டுநர் முறைத்தபோது, "உள்ள இருக்கறவருக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே, கண்ணு" என்றாள் பெரில். அந்த ஊரில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் அவள் வைத்திருந்த பெயர் கண்ணுதான்.

ஓய்வு பெற்ற பிறகு பலகை நகராட்சிக்குத் திரும்பிப் போயிற்று. கையின் பழக்கம் மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

அது போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்கோம்ப் தோட்ட அறக்கட்டளை. அங்கே எந்தத் தீர்மானத்துக்கும் முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். முன்மொழிய ஆள் கிடைப்பார்கள், பதவியில் இருப்பவர்களுக்கு அதுதானே வேலை. "வழிமொழிபவர் யார்?" என்று கேட்டதும் மண்டபம் அப்படியே உறைந்துபோகும். நாற்பது பேரும் தங்கள் காலணியை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் போலக் குனிந்துகொள்வார்கள். அந்த மௌனத்தைப் பெரிலால் தாங்க முடிந்ததே இல்லை. தவிர, கூட்டம் முடிந்தால்தான் தேநீர். மடியில் பின்னல் வேலை ஓடிக்கொண்டிருக்கும், வலது கை மட்டும் ஒரு கணம் ஊசியை விட்டுவிட்டு உயரும். பதினாலு வருடக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதான் இருக்கும்: வழிமொழிந்தவர், திருமதி ஹாட்ஃபீல்ட்.

ஆனால் அவள் அறக்கட்டளையில் சேர்ந்தது கை தூக்க இல்லை, குளிரில் செடி காக்கும் அதன் கண்ணாடி வீட்டுக்காக. ஒவ்வொரு செப்டம்பரிலும் அவளும் நாரிஸும் பழைய ஜெரேனியச் செடிகளிலிருந்து கிளை ஒடித்து நானூறு சின்னத் தொட்டிகளில் நடுவார்கள். குளிர்காலம் முழுக்க அவை கண்ணாடி வீட்டின் கதகதப்பில் கிடக்கும். மே மாதம் முதியோர் இல்ல ஜன்னல்களிலும் கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் சிவப்பாகப் பூத்து நிற்கும். நாரிஸ் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன். பெரிலின் பலகைக்கு எத்தனையோ ஆயிரம் தடவை பிரேக் போட்டவன் என்பதால், தனக்கு அவளைக் கேலி செய்யும் உரிமை உண்டு என்று நம்பினான்.

அந்த அக்டோபரில் ஒரு காலை, கண்ணாடி வீட்டுக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிக்கனம் கருதி இந்தக் குளிர்காலம் உள்ளே சூடேற்றப்படமாட்டாது. மேலே பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று வளைந்து கிடந்தது.

"இது என்ன, ஓடு தொலைச்ச நத்தையா?" என்றான் நாரிஸ்.

"நம்ம புதுச் சின்னமாம். இலையாம்."

"இலையைத் தின்ன நத்தை மாதிரி இருக்கு."

பெரில் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக நானூறு தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் உறைபனிக்கு மூன்று வாரம் இருக்கலாம். அன்று இரவே எல்லாம் கறுத்துத் தொங்கிவிடும்.

நேரே செயலாளர் பிலிப்பாவிடம் போனாள். கூட்டக் குறிப்பைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டல்லவா. பிலிப்பா மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்து, சொல்லத் தயங்குபவள் போல விரலால் மட்டும் காட்டினாள். லண்டன் நிறுவனத்தைக் கொண்டு புதுச் சின்னம் வரைவித்தல்: முன்மொழிந்தவர், தலைவர். வழிமொழிந்தவர், திருமதி ஹாட்ஃபீல்ட். அடுத்த வரி, கண்ணாடி வீட்டுச் செலவைக் குறைத்தல். அதற்கும் அவளேதான்.

"நான் எப்போ சொன்னேன் இதை?"

"நீங்க ஒண்ணும் சொல்லலை, பெரில். கை தூக்கினீங்க. நீலத்துல ஏதோ பின்னிக்கிட்டிருந்தீங்க."

"அது நாரிஸுக்கு மப்ளர்."

விஷயம் கேட்ட நாரிஸ் கழுத்திலிருந்த நீல மப்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்போ நானும் உடந்தை. போலீஸ் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

ஊரில் எல்லோருக்கும் கோபம் இருந்தது. ஆனால் அது ரொட்டிக் கடை வரிசையிலும் வேலியோரத்திலும் மட்டுமே பேசும் கோபம். "கூட்டத்துல கேளுங்களேன்" என்று பெரில் சொன்னால், "கேட்கணும், யாராவது கேட்கத்தான் வேணும்" என்று தலையாட்டிவிட்டு ரொட்டியோடு நகர்ந்துவிடுவார்கள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, தேவாலய மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். உறைபனி இன்னும் இறங்கவில்லை. நாற்காலிகளில் நிகழ்ச்சி நிரல் வைத்திருந்தார்கள். பெரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள், பதினாலு வருடத்தில் முதல் தடவையாக. ஆண்டறிக்கையை ஏற்றல் என்பதற்கு நேரே அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

அவள் பின்னலைப் பைக்குள் போட்டாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

தலைவர் ஜூலியன் பிராட்வெல் அறிக்கையை வாசித்தார். அவர் திருடர் இல்லை. திருடராக இருந்திருந்தால் எல்லோருக்கும் சுலபமாகப் போயிருக்கும். அந்தப் பச்சை வளைவை அவர் மனசார நேசித்தார், அதுதான் சிக்கல். வாசித்து முடித்துவிட்டு, தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் பார்த்தபடியே, "வழிமொழிந்தவர் திருமதி ஹாட்ஃபீல்ட், நன்றி, அடுத்ததாக..." என்றார். நிமிர்ந்து பார்த்தார். கையைக் காணோம்.

"திருமதி ஹாட்ஃபீல்ட்?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"உங்க கை..."

"உட்கார்ந்திருக்கு."

எல்லோரும் காலணியைப் பார்க்கக் குனிந்தார்கள். வேறு யாராவது வழிமொழியலாம், தடையில்லை. ஆனால் பதினாலு வருடமாக அந்த வேலையை வேறு யாரும் செய்ததே இல்லை. பின்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்தது. காது சொறிய.

"இதை எல்லாம் மார்ச்சுல வழிமொழிஞ்சதே நீங்கதானே" என்றார் ஜூலியன், மிகவும் மரியாதையாக.

பெரிலின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நிற்கவில்லை, எழுந்தால் கை விடுபட்டுவிடுமே. "ஆமா. என்னன்னு கேட்காம தூக்கினேன். தப்பு என்னோடதுதான். அதனாலதான் இன்னிக்குக் கேட்கறேன். அந்த நத்தைக்குக் கொடுத்த காசுல கண்ணாடி வீட்டை எத்தனை குளிர்காலம் கதகதப்பா வச்சிருக்கலாம்?"

"அது நத்தை இல்லை, இலை. நம்ம அடையாளத்தை அப்படிக் கணக்குப் போட முடியாது."

"ஒன்பது" என்றாள் பிலிப்பா. குனிந்த தலை நிமிரவில்லை. "போட்டுப் பார்த்தேன்."

யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தம் பாதியில் நின்றது. முதல் பிள்ளை சாலையில் கால் வைத்ததும் மொத்தக் கூட்டமும் பின்னாலேயே இறங்குமே, அப்படிக் கேள்விகள் இறங்கின. லண்டன் ஆளை யார் தேர்ந்தெடுத்தது? எங்களிடம் ஏன் காட்டவில்லை? தலைவர் கடைசியாக மண்ணைத் தொட்டது எப்போது?

"எனக்கு முதுகு வலி இருக்கு" என்றார் ஜூலியன்.

"இங்க யாருக்கு இல்லை?" என்றான் நாரிஸ்.

ஜூலியன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் நிகழ்ச்சி நிரலில் இருந்த சின்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "தலைகீழா பார்த்தா உண்மையிலேயே நத்தைதான்" என்றார். "நேரா பார்த்தாலும்தான்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார். அறிக்கையைத் திரும்ப எழுதிக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டார்.

நாரிஸ் எழுந்தான். ரொட்டிக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததை வாசித்தான். "கண்ணாடி வீட்டை இன்னிக்கு சாயந்தரத்துல இருந்தே சூடேத்தணும்னு முன்மொழியறேன்."

"வழிமொழிபவர்?" என்றார் ஜூலியன்.

நாற்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"இன்னொரு தடவை வாசி, நாரிஸ். மெதுவா" என்றாள் பெரில்.

வாசித்தான்.

"எத்தனை டிகிரி?"

"ஏழு போதும்ல?"

"ஏப்ரல் வரைக்கும் எட்டுன்னு எழுது, கண்ணு."

எழுதினான். பிலிப்பாவும் எழுதினாள். பெரில் தலையாட்டிவிட்டுக் கையைத் தூக்கப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்ததில் அது சுத்தமாக மரத்துப்போயிருந்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு மூட்டையைத் தூக்குவதுபோல மெல்ல மேலே தூக்கி, பிலிப்பா எழுதி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.