செல்லத்தாயியின் சுமைக்கயிறு

மேற்கே மேகம் திரண்டபோது, தீபாவளிக் கடைசி ஆர்டர் சரக்கு முழுவதும் எங்கள் பட்டாசு கம்பெனியின் காயவைக்கும் மேடையில் கிடந்தது. மழை பட்டால் அத்தனையும் குப்பை. நான் அங்கே போர்மேன். சரக்கை ரூமுக்குள் சுமக்க இருந்த பனைநார்ப் பெட்டிகளில் பாதிக்குக் கைப்பிடி அறுந்திருந்தது.

ஏன் நார்ப்பெட்டி என்கிறீர்களா? இரும்பு உரசினால் பொறி பறக்கும். பிளாஸ்டிக் உரசினால் மின்சாரம் ஏறும். பனை மட்டையில் உரித்த நாருக்கு அந்த வம்பே கிடையாது. கட்டில் பின்னலாம், ஏணி கட்டலாம், எவ்வளவு பாரமும் தாங்கும். அதைப் படைத்தவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஆனால் முடைய வேண்டுமானால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த நாரை மடக்கினால் முறிந்துவிடும். அதனால் புதுப்பெட்டி வந்தால் கேட்டுக்கு வெளியே நன்றாக வெயில் கண்ட பிறகே உள்ளே வரும்.

பெட்டி முடையும் செல்லத்தாயி அன்றுதான் புதுப்பெட்டிகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கேட்டில் இறக்கியிருந்தாள். முதலாளி ஓடிவந்தார்.

"யம்மா, மழ வந்துருச்சு. பெட்டிய உள்ள அனுப்பு. லேசான ஈரந்தான, ஒண்ணும் ஆகாது."

"அலுமினியப் பவுடருல ஈரம் பட்டா சூடேறும்னு நீகதான மொதலாளி ஆளுகளுக்குச் சொல்றீக? உள்ள எம் மக வள்ளி வேல பாக்கா. ஈரப்பெட்டிய நான் குடுக்க மாட்டேன்."

"அம்புட்டுச் சரக்கும் போயிருமே!"

"போவாது. பழைய பெட்டிகள இங்கன கொண்டாங்க."

கட்டைச் சுற்றியிருந்த சுமைக்கயிற்றை அவிழ்த்தாள். அதுவும் பனைநார்தான். வருஷக்கணக்கில் அவள் கைபட்டு, காய்ந்திருந்தும் துணிபோல் வளைந்தது. கத்தியை எடுத்து அதைத் துண்டு போட்டாள்.

"ஏத்தா, நாளைக்கு எதக் கட்டிச் சுமப்ப?" என்றேன்.

"மொத இன்னைக்குச் சோலியப் பாப்போம் அண்ணாச்சி."

அறுந்த ஒவ்வொரு பெட்டிக்கும் கைப்பிடி போட்டாள். ஒன்றை என் பலமெல்லாம் கூட்டி இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அடேயப்பா, என்ன கை!

"ஓடாதீக, நடந்தே வாங்க!" என்று பெட்டி சுமந்த ஆட்களிடம் தொண்டை வறளக் கத்தினேன். கடைசிப் பெட்டி ரூமுக்குள் போகவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. வள்ளி கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் செல்லத்தாயி தரையில் உட்கார்ந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

முதலாளி புது நைலான் கயிறு ஒன்றைக் கொடுத்தார். அவள் புரட்டிப் பார்த்தாள்.

"ஆட்டுக்குட்டியக் கட்ட ஆகும்," என்றாள். முதலாளியே சிரித்துவிட்டார்.

இப்போது போர்மேனாக வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சட்டமெல்லாம் சுவரில் எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் ரூமுக்குள் அனுப்புவதற்கு முன்னால், உள்ளே உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.