டெலாலி ஊருக்கு வந்த விடுமுறை

டெலாலி ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகியும், அவள் பேச ஆரம்பித்த ஒரு பேச்சையாவது முழுசாகச் சொல்லி முடிக்க யாரும் விடவில்லை. போலந்தில் கால்நடை மருத்துவம் படிக்கிற பெண் அவள். அந்த நாட்டைப் பற்றி அவளுடைய சொந்த ஊரான ஹோ நகரத்தில் எல்லோருக்கும் அவளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சந்தையில் மிளகாய் விற்கிறவள், "அங்க மாடுகூட வெந்நீர்லதான் குளிக்குமாமே!" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துக் கடைக்காரியோடு சேர்ந்து சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் அவளை முன்னால் அழைத்தார். பேசச் சொல்வார் என்று நினைத்து எழுந்து போனாள். "நம்ம பொண்ணு வெள்ளைக்காரங்களுக்கே வைத்தியம் பாக்குறா!" என்று அவரே அறிவித்தார். "மாட்டுக்கு" என்று டெலாலி சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போனது. அப்படியே அவளை உட்கார வைத்துவிட்டார்.

அன்று மதியம் வீட்டில் குடும்பம் கூடியது. தம்பி எடெம் பள்ளிப் படிப்பை முடித்திருந்தான். அவனையும் போலந்துக்குப் படிக்க அனுப்புவதாக ஒரு ஏஜென்ட் வந்து ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தான். இந்த வீட்டில் முடிவு சொல்வது பெரியப்பா அமெவோர். அப்பா தலையாட்டுவார்.

"ஏஜென்ட் எல்லாத்தையும் பாத்துக்குவான். நீ கூட இருந்து தம்பியக் கவனிச்சுக்க. அவ்வளவுதான்," என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, அவன் அனுப்புறது காலேஜுக்கு இல்ல. மீன டின்ல அடைக்கிற கம்பெனிக்கு. அப்படி வந்து மாட்டிக்கிட்ட பசங்கள நானே பாத்திருக்கேன்."

"நீ மட்டும் படிக்கல?"

"நான் பரீட்சை எழுதிப் போனேன். அப்படிப் போயும் என்ன நடந்துச்சு தெரியுமா?"

அவள் சொன்னாள். பனிக்காலத்தில் வகுப்பு மாணவர்களை ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே சிக்கியிருந்தது. பண்ணைக்காரர் இவளுடைய கறுப்பு நிறத்தைப் பார்த்தார். "இந்தப் பெண் என் மாட்டைத் தொடக் கூடாது" என்று பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் அவளை வேனில் போய் உட்காரச் சொன்னார். சின்ன வயதிலிருந்து அப்பாவின் ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்த கை அது. கண்ணாடி வழியே மற்றவர்கள் கன்றை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது, "குளிருச்சா?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள்.

அத்தை ஆஃபி உதட்டைச் சுழித்தாள். "ஏறிப் போனவ ஏணிய எட்டி உதைக்கிறா, பாத்தீங்களா? தம்பி பொழைச்சிருவானோன்னு பயம்."

"அத்தை, வாய்க்கு வந்ததப் பேசாதீங்க."

"பெரியவங்ககிட்ட என்ன பேச்சு அது? அங்க இதத்தான் சொல்லித் தர்றாங்களா?" பெரியப்பா அதட்டினார்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "அவ்ளோ கஷ்டம்னா, அனுப்புன போட்டோல எல்லாம் ஏம்மா சிரிச்சுக்கிட்டு நிக்கற?"

"அழுதுகிட்டு நின்னா அம்மா சாப்பிடுவாங்களாப்பா?"

அக்ப்ளே என்ற மக்காச்சோளக் களி உருண்டையை வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பெரியப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பையன் போகிறான் என்று பேச்சை முடித்தார். எடெம் எழுந்து வெளியே போனான். அக்காவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கிளம்பிய நாளில் பேருந்து நிலையத்துக்கு அவன் ஒருவன்தான் வந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவளிடம், அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தைச் சன்னல் வழியாக நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ்ளோ மோசமான ஊருக்கு நீ ஏன் திரும்பிப் போற?"

டெலாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிமேல் அல்ல. அதற்கு நல்ல பதில் ஒன்றும் தன்னிடம் இல்லையே என்றுதான்.

"பாதிப் படிப்போட வந்து இங்க என்னடா பண்ணுவேன்? முடிச்சுட்டு வந்துருவேன்."

"நானும் முடிச்சுட்டு வர்றேன்னுதான சொல்றேன்?"

"அப்ப பரீட்சை எழுதி வா. ஏஜென்ட் பின்னால வராத. கணக்குல நீ வீக். நான் சொல்லித் தர்றேன்."

"அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்டா!"

அவள் கத்தியதில் தலைநகர் அக்ராவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். எடெம் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டு நடந்தான். வண்டி கிளம்பியபோது அவனை எங்கும் காணவில்லை.

எடெம் ஏஜென்டிடம் போகவில்லை. அக்காமேல் இருந்த கோபமும் போகவில்லை. தம்பியின் வழியை அடைத்துவிட்டாள் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாக அம்மா தொலைபேசியில் அழுதாள். டெலாலிக்கும் அழுகைதான் வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகம். இங்கே ஒரு வேனில் உட்கார வைத்தார்கள். அங்கே சொந்த வீட்டுக் கூடத்தில் வாயை அடைத்தார்கள்.

மாதம் ஒன்று கழிந்து எடெமிடமிருந்து முதல் செய்தி வந்தது. நலமா என்ற கேள்வி இல்லை, அக்கா என்ற சொல்கூட இல்லை. போட முடியாமல் விட்ட ஓர் இயற்கணிதக் கணக்கு மட்டும் இருந்தது. அவளும் வேறெதுவும் எழுதாமல், அதைப் படிப்படியாகப் போட்டு அனுப்பினாள்.