கார்மேகத்தின் மூக்கு

சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்ததும் கார்மேகம் அதை மூக்கருகே தூக்கிவிடுவார். ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையில் நான் இன்ஜினியராகச் சேர்ந்த முதல் நாள், மெஸ்ஸில் அவரை அப்படித்தான் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை. சாம்பாரை மோந்தவர், தட்டைச் சமையல்காரர் பிஜுவிடமே திருப்பி நீட்டினார்.

"சாமி, இந்தக் கரண்டி காலையில கோழிக்கொழம்புல கெடந்துச்சு."

பிஜு மறுக்கவில்லை. "அது மூக்கல்ல சாமி, லேப்!" என்றபடி வேறு பாத்திரத்தைத் திறந்தார்.

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரர், டைல்ஸ் அழுத்தும் பிரஸ்ஸின் ஆபரேட்டர். கார்த்திகை பிறந்துவிட்டால் அவருக்கு உலகத்தில் எல்லோரும் சாமி. ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மானும் சாமிதான். அவரும் சளைக்காமல், "யல்லா சாமி, டியூட்டி!" என்று விரட்டுவார். பதினேழு வருடம் விடாமல் மலைக்குப் போனவருக்கு இது பதினெட்டாம் வருடம். தென்னங்கன்று சுமந்து போய் நட்டுவிட்டால் குருசாமி. கேம்ப்பில் வேறு பேச்சே கிடையாது.

இந்த நேரம் பார்த்து, புது பிரஸ்ஸைப் பழகிவரச் சொல்லி கம்பெனி எங்கள் இருவரையும் ஜப்பானுக்கு, ஒசாகாவுக்கு அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். முதலில் ஜப்பான் போனவனும் நானே என்ற மிடுக்கோடு விமானம் ஏறினேன். கார்மேகம் பிஜு கட்டிக்கொடுத்த அவல் மூட்டையோடு ஏறினார்.

பயிற்சியும் அவலும் ஒன்றாக முடிந்தன. விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் மிச்சம். வெளியே நல்ல குளிர். ஷூ போடுங்கள் என்றேன்.

"மாலை போட்டவன் ரப்பர் செருப்பு மாட்டுனதே கம்பெனிக்காக. எனக்கு ஒண்ணும் ஆகாது சாமி."

கோட்டைக்குப் போனோம். வாசல் மதிலில் வீடளவு கல் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "நம்ம குவாரிக்காரனுக பாத்தா கண்ணு வச்சுருவானுக" என்றார். அங்கேதான் முதல் தும்மல் வந்தது.

அடுத்து, தலைக்கு மேல் கூரை போட்டு முடிவில்லாமல் நீளும் கடைத்தெரு. பெருவிரலுக்குத் தனி இடம் விட்டுத் தைத்த சாக்ஸ் ஒரு கடையில் தொங்கியது. செருப்பு வாருக்கென்றே செய்த மாதிரி! கேம்ப் சாமிகள் அத்தனை பேருக்கும் கறுப்பு நிறத்தில் அள்ளிக்கொண்டு, தேரா பஜாரில் பேரம் பேசுகிற அதே தோரணையில், "லாஸ்ட் பிரைஸ்?" என்றார். கடைக்கார அம்மாள் குனிந்து வணங்கினார். இவரும் குனிந்தார். அந்த அம்மாள் இன்னும் தாழக் குனிந்தார்.

"வெல கொறையல. கும்பிடுதான் கூடிக்கிட்டே போவுது" என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்.

மதியம் ஒரு சிறிய கடை. கறி இல்லாத நூடுல்ஸ் கேட்டு வாங்கினேன். விரல் தடிமனுக்கு வெள்ளை வெளேரென்று சாற்றில் மிதந்தது. கார்மேகம் கிண்ணத்தைத் தூக்கி மூக்கை உறிஞ்சினார். அடைத்த மூக்கின் சத்தம் எனக்கே கேட்டது.

"க்ளீன் சாமி."

சுவரில் எழுதியிருந்ததை என் போன் மொழிபெயர்த்துக் காட்டுவதற்குள் இரண்டு வாய் உள்ளே போய்விட்டது.

"அண்ணே, இந்தச் சாறு மீன்ல எடுத்ததாம்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை, கடைக்காரரை முறைக்கவுமில்லை. அல் குசைஸில் இருக்கும் தன் குருசாமி கோபாலசாமிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, நடந்ததைச் சொன்னார்.

"தெரியாமப் பட்டா தோஷமில்ல சாமி. நூத்தெட்டு சரணம் சொல்லிட்டு வேலயப் பாரு."

"மூக்கு அடைச்சிருந்தது எனக்குத் தெரியும் சாமி. தெரிஞ்சேதான் க்ளீன்னு சொன்னேன். நாளைக்கு நான் ஒரு கன்னிசாமிக்கு மாலை போட்டு விடணும்ல? வேணாம். கழட்டிட்டு, வந்து உங்க கையால முதல்லேர்ந்து போட்டுக்கறேன்."

"அப்ப விரத நாளெல்லாம் திரும்ப முதல்லேர்ந்துல்ல, மண்டல பூஜைக்கு எங்களோட வர முடியாதேப்பா. தென்னங்கன்ன யாரு நடுறது?"

"மகரவிளக்குக்குத் தனியாப் போறேன். கன்னு எங்கயும் ஓடிறாது."

மறுமுனையில் குருசாமி மகரவிளக்குவரை வாய்விட்டு நாள் எண்ணினார். பிறகு, "சரி, கழட்டு."

வாசலில் நின்று சரணம் சொல்லி மாலையைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். இனி விடுதிக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நான் எழுந்தேன். அவரோ உள்ளே வந்து உட்கார்ந்து கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்ன தம்பி பாக்குற? மாலையத்தான் கழட்டியாச்சே. சோத்த எதுக்கு வீணாக்கணும்?"

சாமி போய்த் தம்பி வந்துவிட்டது. சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சாயங்காலம் கால்வாய்ப் பாலத்தருகே ஒருவன் குழிச் சட்டியில் உருண்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். "எட்டுக்கால் பேய்க்கணவாயப் பணியாரத்துக்குள்ள வச்சிருக்கான் பாரு தம்பி!" என்று இரண்டு தட்டு வாங்கினார். "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் லைசென்ஸ்." ஒசாகாவில் அன்று அவரளவு ரசித்துச் சாப்பிட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போது மார்கழி. கோபாலசாமியின் குழு மலைக்குப் போய் வந்துவிட்டது. கலீலுர் ரஹ்மான் முணுமுணுத்துக்கொண்டே லீவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கார்மேகம் புது மாலையோடு, வார் செருப்புக்குள் ஜப்பான் சாக்ஸோடு, ராஸ் அல் கைமாவில் காலை ஷிப்ட் பார்க்கிறார். மெஸ்ஸில் தட்டு வந்ததும் வழக்கம்போல மூக்கருகே தூக்குகிறார். உடனே சாப்பிட்டுவிடுவதில்லை. தட்டை என் பக்கம் நீட்டுகிறார்.

"நீயும் ஒருக்கா மோந்து பாரு சாமி."