மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள்

போன வருஷம் தெய்வயானை ஆச்சி ஒரு தேங்காயை உடைக்கப் போய் உலகப் போட்டியைக் கோட்டை விட்டார். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான், ஆனால் நடந்ததும் அதுதான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சிக்கு ஐம்பத்து மூன்று வயது. செட்டிநாட்டிலிருந்து கல்யாணமான கையோடு சைகோனுக்கு வந்தவர். கணவர் ஏகப்பன் அண்ணன் அப்போது பென் தான் சந்தைக்குப் பின்னால் மளிகைக் கடை வைத்திருந்தார். நகரின் கிழக்கே தூ டுக்கில் பெரிய கம்பெனிகள் வந்து நம் ஊர் எஞ்சினீயர்கள் குவிந்ததும் கடையை அங்கே மாற்றிக்கொண்டார்கள். தோசை மாவு, கறிவேப்பிலை, அப்பளம் எல்லாம் கிடைக்கும். நான் ஜோசெட், காரைக்கால் குடும்பம். எழுபத்தைந்தில் போர் முடிந்து எங்கள் ஆட்கள் எல்லாரும் மூட்டை கட்டிப் போனபோது என் அப்பா மட்டும் பிடிவாதமாக இங்கேயே இருந்துவிட்டார். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். மனம் விட்டுத் தமிழ் பேச எனக்கு ஆச்சியை விட்டால் ஆளில்லை. அதனால் அவர் ஓடினால் நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. எனக்கு ஓடுவதும் பிடிக்காது, ஓடுகிறவர்களை வேடிக்கை பார்ப்பதும் பிடிக்காது.

இந்த வம்பு நீச்சல் குளத்தில் ஆரம்பித்தது. முட்டி வலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். உடம்பு முழுக்க மூடிய கறுப்பு உடுப்பில் ஆச்சி தத்தளித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வரிசையில் ஒரு வியட்நாமியப் பெண்மணி மீன் மாதிரி போய்க்கொண்டிருந்தார். பெயர் ஹான். பல் டாக்டர், ஆச்சியின் வயதுதான். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த முதுகை ஒரு தடவையாவது முந்திவிட வேண்டும் என்று ஆச்சிக்கு வீம்பு வந்துவிட்டது. ஹான் பந்தய சைக்கிள் வாங்கினார், ஆச்சியும் வாங்கினார். ஹான் ஓடத் தொடங்கினார், ஆச்சியும் தொடங்கினார். முட்டி வலி எந்த மூலைக்குப் போனது என்று அண்ணன் கேட்டபோது, அது பின்னால் வருகிறது என்றார் ஆச்சி.

நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஒரு முழு மாரத்தான் ஓடுகிற இந்தப் பந்தயத்துக்கு உலகப் போட்டி ஒன்று இருக்கிறது. காசு இருந்தால் மட்டும் அதில் சேர முடியாது. இங்கே நடப்பது போன்ற ஒரு பந்தயத்தில் ஓடி இடம் வாங்க வேண்டும். ஆட்களை வயதுவாரியாகப் பிரிப்பார்கள். ஐம்பது தாண்டிய பெண்கள் குறைவு என்பதால் ஆச்சியின் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். அது முதலில் வந்தவருக்கு. அவர் வேண்டாமென்றால் இரண்டாவது ஆளுக்கு, அவரும் இல்லையென்றால் மூன்றாவது ஆளுக்கு என்று இறங்கிக்கொண்டே வரும். மறுநாள் ஒரு மண்டபத்தில் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் நேரில் இருந்து சரி என்று சொல்லி, அங்கேயே கார்டைத் தேய்த்துப் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

போன வருஷம் ஆச்சி மூன்றாவது, ஹான் நாலாவது. மண்டபம் ஊர் நடுவே முதலாம் டிஸ்ட்ரிக்டில், மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். மேலே இருக்கும் இரண்டு பேரும் இடத்தை விடவா போகிறார்கள், அதற்குள் வேண்டுதலை முடித்துவிடலாம் என்று ஏகப்பன் அண்ணன் ஆச்சியைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டார். எனக்கு அன்று வகுப்பு, நான் வரவில்லை. அந்த இரண்டு பேருமே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஆச்சியின் பெயரைக் கூப்பிட்டபோது ஆச்சி அம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். ஹானிடம் வாசலில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஹானிடம் ஆச்சியின் நம்பரும் உண்டு. அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும் எழுந்து போய் இடத்தை வாங்கிக்கொண்டார். விதிப்படி அதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

பிறகு ஒரு வருஷம் முழுக்க ஆச்சியின் வாயில் ஒரே பேச்சு.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்ல? வெளிய போன மனுசியெ உள்ள இருக்கிறவ கூப்பிட மாட்டாளா? எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு?"

மாவு அளக்கும்போதும் இதே பேச்சு, கல்லாவில் சில்லறை எண்ணும்போதும் இதே பேச்சு. கோயில் யோசனை தன்னுடையது என்பதால் அண்ணன் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை என்னிடம் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். அவர் ஊர்க் கோயிலில் மரியாதைக்குப் பெயர் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால், ஒருவர் போய்த் தேடிக் கூட்டி வருவாராம். அதுவரை திருநீற்றுத் தட்டு காத்திருக்குமாம். இதென்ன பழக்கம், ஆளைக் காணோம் என்றதும் அடுத்தவருக்குக் கொடுப்பது என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் விட்டால் இல்லை. முட்டியைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இந்தப் பந்தயம் ஒன்று, அதிகம் போனால் இன்னொன்று, அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த இன்னொன்று உலகப் போட்டியாக இருக்க வேண்டும் என்பதே ஆச்சியின் ஆசை. அண்ணனுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெயர் கூப்பிட்டு முடியும் வரை மண்டபத்தை விட்டு அசையக்கூடாது, கோயில் பேச்சே எடுக்கக்கூடாது. அண்ணன் தலையாட்டினார்.

பந்தயத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரி நீச்சல் நன்றாகப் போனது. கடற்கரை ஊரான வுங் தாவுக்குப் போய்த் திரும்புகிற தூரத்துக்கு சைக்கிள் மிதித்ததிலும் குறையில்லை. ஓட்டத்தில்தான் முட்டி வேலையைக் காட்டியது. மெட்ரோ தூண்கள் ஓரமாக நானும் அண்ணனும் நின்ற இடத்துக்கு நேர் எதிரே வந்து ஆச்சி சடாரென்று ஒரு காலில் மண்டியிட்டார். அண்ணன் கையில் உப்பும் இஞ்சியும் போட்ட மோர் பாட்டில் இருந்தது. ஆனால் வெளி ஆள் தண்ணீர் கொடுத்தாலும், கை கொடுத்துத் தூக்கிவிட்டாலும் ஓடுகிறவரை நீக்கிவிடுவார்கள். நடுவர் ஒருவர் மோட்டார் பைக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு இந்த விதிகள் இப்போது தலைகீழ்ப் பாடம். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். ஆச்சி தூணைப் பிடித்து எழுந்து, எங்களைப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே போனார்.

மறுபடியும் மூன்றாவது. ஜப்பான்காரப் பெண்மணி ஒருவர் முதலாவது, ஹான் இரண்டாவது.

மறுநாள் அதே மண்டபம். ஏசி குளிரில் ஆச்சி முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன். ஜப்பான்காரர் ஏற்கெனவே வேறு நாட்டுப் பந்தயத்தில் இடம் வாங்கிவிட்டார் என்று காலையிலேயே பேச்சு அடிபட்டது. ஆனால் ஹான் முன் வரிசையில் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆச்சி மட்டும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இளம் வயதுப் பிரிவுகள் முடிந்து நாற்பதுகள் நடந்துகொண்டிருந்தபோது ஹானின் போன் அடித்தது. அவர் எழுந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனார். இன்னும் இரண்டு பிரிவு இருக்கிறது, அதற்குள் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவுகளில் முதலாவது ஆட்களே மடமடவென்று இடத்தை எடுத்துக்கொண்டார்கள். மைக் பிடித்திருந்த பையன் எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டான்.

ஜப்பான்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு கையை ஆட்டி மறுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து ஹானின் பெயர்.

பதில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹானின் முதுகு தெரிந்தது. குளத்தில் ஆச்சி இத்தனை காலம் பார்த்து வந்த அதே முதுகு. ஒரு கையில் போன், மறு கையால் இன்னொரு காதைப் பொத்தியிருந்தார். நான் பார்த்தேன், ஆச்சியும் பார்த்தார். என் முழங்கையை அவர் பிடித்த பிடியில் விரல் பதிந்துவிட்டது.

இரண்டாவது முறை கூப்பிட்டான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். தாயே, அந்தப் பொம்பளை இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று. ஆச்சி கைப்பையிலிருந்து கார்டை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஏகப்பன் அண்ணன் எழுந்துவிட்டார். பதற்றம் தாங்காமல் எழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வரிசையை விட்டு வெளியே வந்து விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தார். விஷயம் எனக்குப் புரிந்தபோது அவர் கதவைத் திறந்துவிட்டார். ஹானின் தோளைத் தொட்டு, மேடையைக் காட்டினார்.

மைக்கில் மூன்றாவது முறை பெயர் முடிவதற்குள் ஹான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சரி என்றார். கார்டைத் தேய்த்தார். திரும்பி வரும்போது எங்கள் வரிசையருகே நின்றார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பையன் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அண்ணன் திரும்பி வந்ததும் காரைக்கால் பாஷையில் நன்றாகக் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். ஆச்சி என்னைக் கையமர்த்தினார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. வந்து நின்ற அண்ணனிடம் கேட்டார்.

"அது யாருன்னு தெரியுமில்ல ஒங்களுக்கு?"

"தெரியும்."

"கூப்பிடாமெ இருந்தா எடம் எனக்குன்னும் தெரியும்."

"தெரியும்." அண்ணன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு வருசமாக் கேட்டியே தெய்வானை, வெளிய இருக்கிற மனுசியெ உள்ள இருக்கிறவக கூப்பிட மாட்டாகளான்னு. தெனம் கேட்டுட்டு நான் எப்படி ஒக்காந்திருக்கிறது?"

மேடையில் யாரோ ஒரு கிழவர் தன் இடத்தை வாங்கிக்கொண்டு கும்பிட்டார், கை தட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை. ஆச்சி இரண்டு தட்டு தட்டினார்.

பிறகு கார்டைப் பைக்குள் போட்டு மூடினார். நாற்காலிக் கையை ஊன்றி எழப் பார்த்தார், முட்டி இடம் கொடுக்கவில்லை. அண்ணன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். ஆச்சி அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, நடை சாத்துறதுக்குள்ள போயி ஒரு தேங்கா ஒடச்சிட்டு வருவோம்" என்றார். "இனிமே நம்மளெ இங்கெ யாரும் கூப்பிட மாட்டாக."