வட்டகொடையிலிருந்து நுவரெலியா: மாக்கர் மகள் ஆடிய டென்னிஸ்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். ரயிலா, வேனா, ரொம்பக் குளிருமா என்று. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன்; வழியை மட்டும் தனியாக எழுத வராது. 1982 ஏப்ரலில் போன பயணத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். வழியும் வந்துவிடும், அங்கே முன்பு நடந்த பெண்கள் டென்னிஸ் போட்டியின் கதையும் வந்துவிடும்.

அப்போது நான் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளப்பில் மாக்கர். கோர்ட்டை உருளை இழுத்துச் சமப்படுத்துவது, சுண்ணாம்பில் கோடு போடுவது, ஜோடி கிடைக்காத நாளில் துரைக்கு, அதாவது தோட்ட மனேஜருக்கு, எதிரே நின்று ஆடுவது, இவ்வளவுதான் மாக்கர் வேலை. மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினேழு வயது. விடியற்காலைப் பனியில், துரைமார் எழும்புவதற்கு முன், உடைந்த மட்டை ஒன்றை ஒட்டவைத்து என்னோடு ஆடிப் பழகியவள். ஒருநாள் துரை பார்த்துவிட்டார். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு நுவரெலியா சீசன் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தார்.

"ஒரு ரவுண்ட் ஜெயிச்சா பகல்லயே ஆடலாம். தோத்தா, மாக்கர், இனிமே கோர்ட்ல பிள்ளை விளையாட்டு இல்லை."

வட்டகொடையிலிருந்து நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பில் ஏறினோம். ஏற்றம் என்பதால் ரயில் மூச்சு வாங்கித்தான் போகும். நடுவில் காரணமே சொல்லாமல் நின்றது. நான் வாசலுக்கும் ஆசனத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க நடந்தா ரயிலு போயிருமா? ஒக்காருங்க."

"ஒக்காந்தா நிக்கிற மாதிரி இருக்கு புள்ள."

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கு!"

அவளுடைய கான்வஸ் சப்பாத்துக்கு, கோர்ட்டில் கோடு போடுகிற சுண்ணாம்பையே பூசியிருந்தேன். பெட்டி முழுக்க வெள்ளைத் தடம். டிக்கட் பார்க்க வந்தவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுனுக்கு ஐந்து கட்டைக்கு மேல், அதாவது எட்டு ஒன்பது கிலோமீற்றர். அன்றைக்கு வேனில் ஆளுக்கு மூன்று ரூபாய். ஆள் நிரம்பாமல் வேன் நகராது, இன்றைக்கும் அதேதான். தாமதித்தால் ஆட்டம் கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் நான் ரோட்டில் நின்று ஆள் பிடிக்கவே தொடங்கிவிட்டேன். டிரைவருக்குச் சிரிப்பு.

"என்ன அண்ணே, டென்னிஸ் பாக்கவா?"

"ஆடுறதுக்கு."

"நீங்களா?"

"எம் மக."

"அப்பச் சரி. ஒங்க வயித்தப் பாத்துப் பயந்துட்டேன்."

டவுன் கோர்ட்டில் மாக்கராக இருந்த பெரியசாமி அண்ணன்தான் போட்டியின் கதையைச் சொன்னார். ஆரம்பத்தில் பெண்களுக்கு ஓரத்துக் கோர்ட், அதுவும் ஆண்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில். பரிசு, பீங்கான் கோப்பை செட். எழுபதுகளில் ஒரு சீசனில் கொழும்புப் பெண்கள் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். கோப்பை வீட்டில் இருக்கிறது, ஆண்களுக்குப் போல நடுக் கோர்ட்டும் காசும் வேண்டும் என்றார்களாம். அடுத்த வருசம் இரண்டும் கிடைத்தது. காசு வந்ததும் டென்னிஸையே தொழிலாகக் கொண்ட வெளிநாட்டுப் பெண்களும் வந்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் என் மகளும் இருந்தாள்.

எதிரே ஆடியது ஒரு கொழும்புப் பிள்ளை. ஸ்டெல்லா எந்தப் பந்தையும் லேசில் விடவில்லை. ஆள்கள் கை தட்டினார்கள். ஆனால் முதல் செட் 6–1 என்று போய்விட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியசாமி அண்ணன் என் தோளில் தட்டினார்.

"அந்தோனி, நல்லாப் பாரு. ஒம் மக மாக்கர் ஆட்டம் ஆடுது."

அப்போதுதான் பார்த்தேன். மாக்கர் துரையை ஓடவிடக் கூடாது. பந்தைத் துரையின் மட்டைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பத்து வருசம் அதைத்தான் ஆடினேன், அதைத்தான் அவளுக்கும் பழக்கியிருக்கிறேன். கொழும்புப் பிள்ளைக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லை.

பக்கம் மாறும்போது ஸ்டெல்லா கம்பி வேலியோரம் வந்தாள். நான் ஓடினேன்.

"தாயி, அந்தப் புள்ள கிட்டப் போடாத. அங்கிட்டு மூலையில போடு."

"அங்க யாரும் இல்லையேப்பா!"

"அதுக்குத்தான் சொல்றேன்!"

ஆட்டத்தின் நடுவே சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். நடுவர் சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டார்; என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். சைப்ரஸ் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். டொக், டொக், டொக், டொக் என்று பந்து போய்ப் போய் வந்தது. மாக்கர் ஆட்டத்தின் சத்தம்.

பிறகு ஒரு டொக். அதற்குப் பதில் வரவில்லை.

பதில் வராத டொக் இன்னொன்று. இன்னொன்று. வெகுநேரம் கழித்துப் பெரியசாமி அண்ணன் வேலிக்குள்ளிருந்து கூப்பிட்டார்: "அந்தோனி, அந்தக் கொழும்புப் புள்ள சப்பாத்து முழுக்கச் செம்மண்ணுடா! ஒம் மக ஜெயிச்சிருச்சு!"

மறுநாள் ஒரு வெளிநாட்டுக்காரியிடம் அவள் மளமளவென்று தோற்றாள். அதற்கு நான் அழவில்லை. ஒரு ரவுண்ட்தானே பேச்சு. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பெண்கள் வரவில்லை. பரிசுக் காசும் நின்று, போட்டியும் தேய்ந்து போனது.

இப்போது போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்கு மேல் மழையும் மூட்டமும் இறங்கும். கம்பளிச் சட்டை கட்டாயம். வேன் நிரம்பவில்லை என்றால் என்னைப் போலக் கத்தாதீர்கள், தொண்டைதான் கட்டும்.

அன்று தோட்டத்துக்குத் திரும்பியதும் துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டப்பகலில் அவரே ஸ்டெல்லாவுக்கு எதிரே நின்று ஆடினார். மூன்றாவது பந்துக்கு ஓடிப்போய், மூலையில் வழுக்கி, வெள்ளைக் காற்சட்டையோடு உட்கார்ந்துவிட்டார்.

"மாக்கர்! யாரு இப்படிப் பழக்கினது?"

"நான் இல்லைங்க தொர" என்றேன். பயத்தில் சொன்னது. ஆனால் பத்து வருசத்தை நினைத்துப் பார்த்தால், உண்மையும் அதுதான்.